நான் துடைக்காமல் விட்ட இடம்

மகனே,

உன் கார் சௌக்கியம். நீ எழுதிய கடிதத்தில் முதல் வரியில் விசாரித்தது அதைத்தான், ஆகையால் நானும் அதற்கே முதல் மரியாதை கொடுத்துவிடுகிறேன். மழை படவில்லை, கோழி ஏறவில்லை, தெருப்பிள்ளைகள் யாரும் ஹாரனை அமுக்கவில்லை. கிட்டங்கியில் பருத்திப் பொதிகளுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. அடுத்து அப்பாவின் இருமலைக் கேட்டிருந்தாய், அதற்கும் குறைவில்லை. அப்புறம் என்னைக் கேட்டிருந்தாய். பூரணத்தைத்தான் எங்கேயும் காணோம். காகிதத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததால் போலிருக்கிறது, "அவளுக்குக் காரில் உட்காரத் தெரிந்த பிறகு வரட்டும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். கட்டிய பெண்டாட்டி, மாசமாக இருக்கிறவள், கோபித்துக்கொண்டு சிவகிரியில் தாய் வீட்டில் கிடக்கிறாள். வளைகாப்பு நாள் நெருங்குகிறது. நீ மதுரையில் மில் ஆபீஸில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிற வரி இது. இதைப் படித்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்து போயிற்று.

இன்னொன்றும் எழுதியிருந்தாய். நீ வரும்வரை ஒருத்தரும் காரைத் தொடக் கூடாது, பூரணம் வாந்தி எடுத்த நாற்றம் இனி எதற்கும் போகாது, மதுரையிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு வந்து தோல் சீட்டையெல்லாம் கிழித்துப்போட்டு ரெக்ஸின் தைக்கப் போகிறாய் என்று. நான் தொட்டேன். நன்றாகவே தொட்டேன். மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது உனக்கு விற்றுவிட்டுப் போன வண்டிதானே, அவர் வீட்டு நாய் தொடாத இடத்தையா நான் தொட்டுவிட்டேன்? உன் அப்பா மட்டும் கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டு, "ஏட்டி, அவன் வந்தா கத்துவான், சொல்லிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "கத்தட்டும், எனக்கும் தொண்டை இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சீலையை வரிந்து கட்டிக்கொண்டு உள்ளே ஏறினேன்.

முதலில் ரப்பர் பாய்களை இழுத்து வெளியே போட்டேன். அடியில் இருந்ததைச் சொல்கிறேன், சாப்பிட்ட பிறகு படி. வேர்க்கடலைத் தோல், சிகரெட் துண்டு (அதைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்வோம்), குற்றாலத்து மணல், உன் சிநேகிதர்களில் எந்தப் புண்ணியவானோ துப்பிய மங்குஸ்தான் கொட்டை, இவற்றுக்கு நடுவில் பூரணத்தின் கொண்டை ஊசி ஒன்று. இத்தனை லட்சணமாக நீ வைத்திருந்த வண்டியைத்தான் அவள் நாசம் பண்ணிவிட்டாளாம். பாய்களை விளக்குமாற்றுக் கட்டையால் அடித்துக் கழுவிக் கொடியில் போட்டேன். சீட்டு இடுக்கில் விரல் நுழையாது. ஈர்க்குமாற்றில் நாலு குச்சியை உருவி, நுனியில் பருத்தியைச் சுற்றித் துழாவினால் அழுக்கு தானாக ஒட்டிக்கொண்டு வருகிறது. பருத்தி வியாபாரி வீட்டில் அதற்கா பஞ்சம்? கூரைத் துணிக்குத் தண்ணீரே காட்டவில்லை. உலர்ந்த பஞ்சை உருட்டி உருட்டி ஒற்றி எடுத்தேன். கழுத்து வலி இன்னும் போகவில்லை, நீ அதையும் விசாரிக்கப் போவதில்லை.

சீட்டுக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த நுரை. பட்டுச் சீலைக்கு ஆகிறது தோலுக்கு ஆகாதா என்று நினைத்தேன். முன் சீட்டில் அவசரப்பட்டு, பித்தளைப் பானை கழுவுகிற மாதிரி தண்ணீரைக் கொட்டிவிட்டேன். தையல் வழியாக உள்ளே இறங்கி, இரண்டு நாளைக்கு அழுத்தின இடத்தில் எல்லாம் ஈரம் கசிந்தது. அதற்குப் பிறகு புத்தி வந்து, நுரையை மட்டும் வழித்துத் துணியில் எடுத்து, ஒரு முழம் தேய்த்தால் உடனே பிழிந்த துணியால் துடைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். வெயிலில் வைக்காதே, தோல் வெடித்துவிடும். கதவுகளைத் திறந்து போட்டு நிழலிலேயே உலர விடு. உலர்ந்ததும் விளக்கெண்ணெயை விரலில் தொட்டு மெல்லிசாகத் தடவினேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "ஏட்டி, சீட்டுக்குப் பேதிக்கா குடுக்கே?" என்று கேட்டார். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கிற மரப்பலகையும் அதே எண்ணெய் பட்டு முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. கண்ணாடிக்குப் பழைய செய்தித்தாளை நனைத்துத் தேய்த்தேன். இதையெல்லாம் எதற்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இனிமேல் இதை நீதான் செய்யப் போகிறாய்.

எல்லாம் ஆகி, கதவைச் சாத்திவிட்டு, மறுநாள் காலையில் திறந்தால் குப்பென்று அதே நாற்றம். உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், "நான்தான் சொன்னேன்லா" என்றார். நான் மூக்கை நுழைத்து நிதானமாக முகர்ந்து பார்த்தேன். பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு வாந்தி வாடை தெரியாதா? அது புளித்த வாடை, காற்றாடினால் போய்விடும். இது அது இல்லை. இது சிக்கு வாடை, பானைக்குப் பின்னால் மறந்துபோன தேங்காய்ச் சில்லின் வாடை. அதற்குள் உன் அப்பா தன் பங்குக்குச் சாம்பிராணி போடுகிறேன் என்று கிளம்பி, பருத்திக் கிட்டங்கிக்குள் தணல் சட்டியோடு நுழைந்துவிட்டார். புகையைப் பார்த்துத் தெருவே தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தது. அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

எறும்புதான் கடைசியில் வழி காட்டியது. பின் சக்கரத்தில் ஏறி, கதவு இடுக்கில் நுழைந்து, பின் சீட்டின் சாய்வுக்குப் பின்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. எறும்பு வாந்தியைத் தேடி இத்தனை நாள் கழித்து வராது. உன் அப்பாவைத் திருப்புளி எடுத்து வரச் சொல்லிச் சாய்வைக் கழற்றினோம். அதற்குப் பின்னால் என்ன இருந்தது தெரியுமா? ஒரு மஞ்சள் பை. உள்ளே அரை மூடித் தேங்காய், கறுத்துக் கூழாகிப்போன பழம், எலுமிச்சம்பழம், பொட்டலத்தில் புற்றுமண். தேங்காய் அழுகி வடிந்த எண்ணெய் சாக்குத் துணியில் இறங்கி, உள்ளே அடைத்த குதிரைமயிர்வரை போயிருந்தது. உன் அப்பா மூக்கைப் பொத்தியவர், பையைப் பார்த்ததும் கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏட்டி, இது அம்பாள் பிரசாதம்லா!" என்றார்.

உனக்கு இப்போது ஞாபகம் வந்திருக்கும். கார் வந்த அன்று கோயில் வாசலில் நிறுத்திப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பிரசாதப் பையை என்னிடம் கொடு என்றேன். வண்டியோடு இருக்கட்டும் அம்மா, அதுதான் காப்பு என்றாய். அப்போது உன் பக்தியைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. கால் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது, ஆள் உட்காருகிற இடத்திலும் வைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, பின் கண்ணாடியை ஒட்டியிருக்கிற தட்டில் உசரமாக வைத்தாய். அது ரோட்டுப் பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கிச் சாய்வுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பூரணம், "அத்தே, அந்தப் பிரசாதப் பை எங்கன போச்சு?" என்று என்னிடம் கேட்டாள், உன்னிடமும் கேட்டாள். பிள்ளைகள் யாராவது எடுத்துத் தின்றிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு தடவை சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம்.

அதற்குப் பிறகு அவள் எத்தனை தரம் சொன்னாள்? காரில் என்னமோ வாடை வருகிறது என்று சொல்லாத நாள் உண்டா? அது தோல் வாடை, வெள்ளைக்காரக் கார் அப்படித்தான் இருக்கும், உனக்குக் கிராமத்து மூக்கு என்று நீதான் கேலி பண்ணினாய். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். மசக்கைக்காரிக்கு அடுத்த தெருவில் கடுகு தாளித்தாலே குமட்டும். அவளைக் கொண்டுபோய் அந்தப் பைக்கு நேர் முன்னால், ஊர் பார்க்கப் புருஷன் பக்கத்தில் உட்கார வெட்கப்பட்ட பாவத்துக்குப் பின் சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, சிவகிரிவரைக்கும் போகலாம் என்று கிளம்பினாய். கண்ணாடியை இறக்கினால் தூசி வருமாம். வாந்தி வராமல் வேறு என்னடா வரும்? சாக்குத் துணியை அறுத்துப்போட்டுப் புதுசு தைத்துவிட்டேன். குதிரைமயிரை நுரையில் அலசி, ஒரு ஓலைப்பெட்டி நிறைய அடுப்புக்கரியைக் காருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கரி வாடையை இழுத்துக்கொண்டது. இப்போது உன் கார் ஒன்றும் மணக்கவில்லை, ஒன்றும் நாறவில்லை.

நீ அன்று கால்சட்டை கசங்காமல் திரும்பி வந்து எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவ சீட்ட நாசம் பண்ணிட்டா. ஒரு வார்த்தை ஏசினேன், கோவிச்சிக்கிட்டு பஸ்ஸுல ஏறிப் போயிட்டா." நானும் அதை நம்பினேன். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ரோஷமா என்று அவள்மேல்கூட எனக்கு வருத்தம் இருந்தது. பை கிடைத்த பிறகு, நாற்றம் உன்னால்தான் வந்தது என்று சொல்லிச் சமாதானம் பண்ணிக் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று பஸ் ஏறிச் சிவகிரிக்குப் போனேன். உன் சீட்டில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருந்தது. பூரணம் உட்கார்ந்த இடத்தில் ஒரு கையகலத்துக்குக் கறை, தையலில் ஊறிப் போயிருந்தது. அதை ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தேன்.

அவள் வீட்டுப் பின்கட்டில் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டு இருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அத்தே, எதுல வந்திய?" என்றாள்.

"பஸ்ஸுலதான் தாயி. காரு ஓட்டத் தெரிஞ்சவன் மதுரையிலல்லா இருக்கான்."

சிரித்தாள். பையைப் பற்றிச் சொன்னதும் சுளகைக் கீழே வைத்துவிட்டாள். "நா அன்னைக்கே கேட்டேன்லா அத்தே? அவிய என் மூக்கத்தான கொற சொன்னாவ."

"தப்பு அவன்மேலதான் தாயி. அவன் ஏசினதுக்கு நான் ஒன்கிட்ட வந்திருக்கேன். கெளம்பு, போவோம்."

"ஏசினதுக்கு யாராவது வீட்ட விட்டு வருவாவளா அத்தே?" என்றாள். சுளகை மறுபடி எடுத்து இரண்டு தரம் புடைத்தாள். "கார நிப்பாட்டிட்டு, தொடைன்னாவ. தொடைக்கேன், துணி எங்கனன்னு கேட்டேன். ஒடம்புல கட்டியிருக்கியே, அது துணி இல்லையான்னு கேட்டாவ. களையெடுத்துட்டு வந்த பொம்பளைய எல்லாம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாவ அத்தே. முந்தானைய வச்சித்தான் தொடச்சேன். பொறவு பஸ்ஸு வந்துது, கைய காட்டி ஏறிட்டேன்."

எந்தச் சீலை என்று நான் கேட்கவில்லை. கொடியில் தொங்கியது. அவள் அப்பா தலை தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த அரக்குச் சீலை. அப்பா வீட்டுக்குப் போகிறோம் என்று ஆசையாகக் கட்டிக்கொண்டு போனாளே, அதே சீலை. முந்தானையில் கறை போகவில்லை. அதோடுதான் அவர் வீட்டு வாசலில் போய் இறங்கியிருக்கிறாள். காப்பி கொண்டுவந்து கொடுத்த சம்பந்தியம்மாள் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. உன்னை நினைத்து எனக்கு அத்தனை வெட்கமாக இருந்தது, மகனே. கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்காது, நீ அப்போது சின்னப் பிள்ளை. உன் அப்பா புதுசாக வில்வண்டி செய்து, அதற்கு மெத்தை தைத்து, மேலநீலிதநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். யாரையும் செருப்போடு ஏற விடவில்லை, அத்தனை அருமை. நீ வழியெல்லாம் கருப்பட்டி மிட்டாயைத் தின்றுவிட்டு, மெத்தைமேலும் அவருடைய ஜரிகை வேட்டிமேலும் சேர்த்துக் கொட்டினாய். நான் பயந்தே போனேன். மனுஷர் வண்டியை நிறுத்தச் சொல்லி, தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து முதலில் உன் வாயைத் துடைத்தார். பிறகு உன் சட்டையை. அதற்கும் பிறகுதான் மெத்தையை. கல்யாண வீட்டில் எல்லாரும் மேல்துண்டு எங்கே என்று கேட்க, "புள்ளைக்கு ஒத்துக்கிடல" என்றாரே தவிர வேறு பேச்சு இல்லை. அவரை மகான் என்று சொல்ல வரவில்லை. அதே பந்தியில் பாயசத்தில் ஏலக்காய் இல்லை என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றவர்தான். ஆனாலும் அவருக்குப் பிறந்த நீ இதை எங்கே போய்க் கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியவில்லை. சிவகிரியிலிருந்து வந்து அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை. கார் சாவியை எடுத்துத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். கேட்டால் இருமுகிறார்.

பூரணம் வர மாட்டேன் என்று சொல்லவில்லை, அதை நன்றாகக் கேட்டுக்கொள். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வளைகாப்புக்கு நம்ம வீட்டுக்குத்தான் அத்தே வருவேன். ஆனா அவிய வந்து கூப்பிடணும். கார்ல வந்து கூப்பிட்டா நா வர மாட்டேன்" என்றாள். நம்ம வீடு என்றுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸில் அழாமல் ஊர் வந்து சேர்ந்தேன். அவள் உன்னிடம் கேட்டிருப்பது கொஞ்சம். அதையும் செய்யாமல் அங்கேயே ரெக்ஸினுக்கு ஆள் பார்த்துக்கொண்டு இருந்தாயானால், வளையலை நான் சிவகிரிக்கே கொண்டுபோய் அடுக்கிவிட்டு வருவேன். உன் பிள்ளை அங்கேயே பிறந்து அங்கேயே வளரும். நீ உன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொள்.

சிவகிரியிலிருந்து வந்த அன்றே பூந்திக்கொட்டையை ஊறப் போட்டுக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். அந்தக் கையகலக் கறையின் முன்னால் துணியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது போகாத கறை இல்லை. நுரை வைத்து ஒரு தரம் அழுத்தித் தேய்த்தால் வந்துவிடும். ஆனால் நான் துடைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். காரில் மற்ற எல்லாம் துடைத்தாயிற்று, அந்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. மஞ்சள் பையையும் எறியவில்லை, கொல்லையில் முருங்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வந்ததும் அதை ஒரு தரம் முகர்ந்து பார், பிறகு நீயே குழி தோண்டிப் புதை.

சனிக்கிழமை ரயிலுக்கு வா. பூந்திக்கொட்டை ஊறிக்கொண்டிருக்கும், வாளியில் தண்ணீர் இருக்கும். அந்த இடத்தைத் துடைத்து முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சிவகிரிக்குப் பஸ் ஏறு. களையெடுத்துத் திரும்புகிறவர்கள் யாராவது வழியில் உன்னைப் பார்த்தால் பார்க்கட்டும். கிட்டங்கியில் துணி ஒன்றும் வைக்கவில்லை, தேடாதே. கால்சட்டை போட்டுக்கொண்டு வராமல், வேட்டி கட்டிக்கொண்டு வா.

உன் அம்மா